பெட்டிக் கார் நின்றுபோன பிறகு

நிக்காஹ் முடிந்து நான் புதுமடத்துக்கு வந்த மறுநாள், புதுப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தில் பக்கத்து வீட்டு மாமியும் இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் உள்ளறைப் பாயில் உட்கார்ந்து, குனிந்திருந்த என் தலையைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி, சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். மாமி மட்டும் என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி புள்ள. இந்த இருட்டுல என்னத்தத் தெரியுது? இங்கன வா."

கொல்லைக் கதவைத் திறந்து, வெயில் விழும் இடத்தில் என்னை நிறுத்தினார். தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைக்கூட விடவில்லை. என் மாமியாருக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"என்ன லாத்தா, மாடா வாங்குறீக?"

"பாக்க வந்தா பாக்கணும்ல? பாக்காமயே நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறதுக்கு நான் எதுக்கு வரணும்?" என்றார் மாமி. பிறகு என்னிடம், "மூக்கு கொஞ்சம் பெருசு. கண்ணு நல்ல கண்ணு. எங்க, சிரி பாப்போம்" என்றார்.

எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. புது ஊருக்கு வந்த பயம் அந்த இடத்தில்தான் விட்டது.

மாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். குட்டையான, சதைப்பிடிப்பான உடம்பு. கண்ணுக்கு மேல் கையை வைத்து எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும் கோலத்தில்தான் அவர் எனக்கு இன்றும் ஞாபகம் வருகிறார். மீன்காரி கூடையை இறக்கினால், வாங்குவது இரண்டு மீனாக இருந்தாலும் கூடையில் இருக்கிற அத்தனையையும் புரட்டிப் பார்ப்பார். மீன்காரி பொறுமை இழந்து, "மீனு வாங்குறீகளா, இல்ல விருந்தாளி பாக்குறீகளா?" என்பாள். "ரெண்டுந்தான்" என்பார் மாமி. தெருவில் ஒரு பசு கன்று போடப்போகிறது என்றால், விடிந்ததிலிருந்து கொட்டிலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஓட்டுக்கூரையில் பாம்பு ஏறிவிட்டது என்று எல்லாரும் வெளியே ஓடியபோது, அது எப்படி ஊர்ந்து போகிறது என்று பார்ப்பதற்காக உள்ளே ஓடியவர் அவர்.

மவுத்து வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மற்றவர்கள் அழுதுவிட்டு விலகுவார்கள். மாமி அருகில் உட்கார்ந்து, இறந்தவர் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்து அங்கேயே இறந்துபோனாராம். செய்தி இங்கே வரும்போது அடக்கம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்ததாம். கடைசியாக முகம் பார்க்காத ஏக்கம்தான் மாமியை இப்படி ஆக்கிவிட்டது என்று தெருவில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கன்றுக்குட்டியையும் பாம்பையும் பார்ப்பதற்கு ஏக்கம் எதற்கு? சிலருக்கு வெற்றிலை பிடிக்கும், சிலருக்கு ஊர்வம்பு பிடிக்கும். மாமிக்குப் பார்ப்பது பிடிக்கும்.

ஆனால் எங்கள் தெருப் பெண்களுக்குப் பார்க்கக் கிடைத்தது கொஞ்சம்தான். கொல்லைகளை இணைக்கும் சந்துகள், பின்பக்கத்துக் கிணறுகள், சுவருக்கு மேலே தெரியும் பனந்தலைகள். வெளியூர் போனால் திரை போட்ட வண்டி. மாட்டுவண்டி காலம் போய்க் கார் வந்த பிறகும் திரை போகவில்லை.

மாமியின் வீட்டுக்காரருக்குச் சங்கு வியாபாரம். நெடிய மனிதர், மெலிந்தவர், பேச்சு குறைவு. வெள்ளைவெளேரென்ற வேட்டியும் உயரமான தொப்பியுமாக நடந்து வருவார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மகன்கள் இரண்டு பேரும் கொழும்பில் இருந்தார்கள். சுதந்திரம் வந்ததற்கு அடுத்தாற்போல மாமா ஒரு கார் வாங்கினார். அதற்குப் பின்னால் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கார் வந்தது. மூன்றும் ஒரே மாதிரி. கறுப்பு நிறம், ஏறுவதற்குப் படி மாதிரி ஒரு பலகை, நிமிர்ந்து உட்கார்ந்தாலும் தொப்பி தட்டாத உயரக் கூரை. நான்கு பக்கமும் சதுரமாக இருந்ததால் அதற்குப் பெட்டிக் கார் என்று பெயர்.

அந்தக் காரை எங்கள் ஊர் ஆண்கள் அவ்வளவு விரும்பியதற்கு உயரம் மட்டும் காரணமில்லை. அதன் சன்னல்கள் சின்னவை. பின்னால் இருந்த கண்ணாடி ஒரு சிலேட்டுப் பலகை அளவுதான். பக்கத்து சன்னல்களுக்குத் திரை, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் ஒரு திரை. பெண்கள் உள்ளே ஏறிவிட்டால் உள்ளே யாரும் இருப்பதாகவே தெரியாது. "நம்ம ஆளுகளுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச வண்டி" என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தக் காரில் மாமியோடு நான் பலமுறை போயிருக்கிறேன். என் உம்மா வீடு ராமநாதபுரத்தில். மாமா சரக்கு விஷயமாக அங்கே போகும்போதெல்லாம் மாமியும் கிளம்புவார், என்னையும் ஏற்றிக்கொள்வார். உள்ளே இருட்டும் புழுக்கமும் பெட்ரோல் வாசனையுமாக இருக்கும். கார் தெருமுனை தாண்டியதுமே மாமி சீட்டின் மேல் முழங்காலை மடக்கி ஏறி, பின்பக்கம் திரும்பி, அந்தச் சிலேட்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொள்வார். உச்சிப்புளி ரயில் கேட், உடைமரக் காடு, ஊருணியில் துணி துவைக்கிறவர்கள், தலையில் புல்லுக்கட்டோடு போகும் பெண்கள் எல்லாம் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வந்து, சிறுத்து, புழுதிக்குள் மறையும்.

"நீயும் வந்து பாரு புள்ள."

"எனக்குத் தல சுத்தும் மாமி."

"எனக்கும் சுத்தத்தான் செய்யிது. அதுக்காகப் பாக்காம வரமுடியுமா? ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் அது போன பெறகுதான் பாக்குறேன். வாரப்ப ஒரு தடவையாச்சும் பாக்கணும்."

காரை ஓட்டியவர் பெயர் முனியாண்டி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். விவசாயக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் வேலை தேடி ராமநாதபுரம் வந்து, லாரியில் கிளீனராக இருந்து வண்டி ஓட்டப் பழகியவர். மாமாவை முதலாளி என்பார், மாமியை அம்மா என்பார். மாமி அவரைத் தம்பி என்று கூப்பிடுவார்.

எனக்கு மூத்த மகள் பிறந்து நடை பழகிய சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. தெருவில் இன்னொரு வீட்டுக் காரில் ஏதோ ஒரு பல்சக்கரம் உடைந்து, அதை வாங்க மதுரைக்கு ஆள் போயிருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தது. பெட்டிக் காரைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டதாம். இருக்கிற சாமான் தீர்ந்தால் அதோடு சரியாம்.

அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசல் வாசலில் நின்று இதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். நல்ல வண்டியை எதற்காக நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். கம்பெனி எங்கே இருக்கிறது என்பதில் தகராறு வந்து அந்த யோசனை அப்படியே நின்றது.

பெண்கள் கிணற்றடியில் பேசினோம். எங்களுக்கு வேறு பயம். புதிதாக வருகிற கார்களில் எல்லாப் பக்கமும் கண்ணாடியாம். அதில் பெண்களை ஏற்றமாட்டார்கள். மாட்டுவண்டியும் இப்போது இல்லை. அப்படியென்றால் உம்மா வீட்டுக்குப் போவது எப்படி?

"வீட்டோட கெடங்கன்னு சொல்லிருவாக, பாத்துக்க" என்றாள் ஒருத்தி.

மாமி வாளியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "மொதல்ல அந்தக் காரு எப்பிடி இருக்குன்னு ஒருத்தியாச்சும் பாத்தீகளா? பாக்காமயே எதுக்கு அழுகுறீக?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரம். மாமாவும் மாமியும் ராமநாதபுரம் கிளம்பினார்கள். நான் அன்று போகவில்லை. எங்கள் தெரு மணல் தெரு, குறுகலானது. காரை அங்கே திருப்ப முடியாது. முனையிலிருக்கும் வேப்பமரம் வரைக்கும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய்த்தான் திருப்ப வேண்டும். முனியாண்டி கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடி மெதுவாகப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தெரியாது. நான் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். மகள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை.

மாமி வழக்கம்போலப் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என் மகள் எதிர்ச்சுவர் ஓரமாகத் தள்ளாடி நடந்து வருவது தெரிந்திருக்கிறது. ஒரு கோழியைப் பிடிக்க வந்தாளாம். வந்தவள் காரை நெருங்கி, கண்ணாடிக்குக் கீழே மறைந்துவிட்டாள்.

"ஏலே முனியாண்டி! நிப்பாட்டுலே! புள்ள! புள்ள!"

அந்தக் குரல் கிணற்றடியில் எனக்குக் கேட்டது. வாளியை விட்டுவிட்டு ஓடினேன். நான் வாசலுக்கு வரும்போது மாமி கார்க் கதவைத் திறந்து தெருவில் குதித்திருந்தார். முக்காடு இல்லை. சேலை கதவில் மாட்டிக் கிழிந்திருந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்த என் மகளை வாரி எடுத்து, கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கோழி போய்விட்டதற்காக அழுதாள்.

நான் அவளை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.  முனியாண்டி காரை விட்டு இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

"பின்னாடி தெரியல மொதலாளி. இந்த வண்டியில பின்னாடி ஒண்ணுமே தெரியாது மொதலாளி."

தெருவில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெரியவர் ஒருவர் மாமாவின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பொம்பள சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டுச்சு" என்றார்.

மாமாவின் முகம் வெளுத்திருந்தது. "கேட்டதுனாலதான் புள்ள பொழச்சுது" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மாமியிடம் கொடுத்தார். மாமி அதைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு யாரும் ராமநாதபுரம் போகவில்லை.

அடுத்த வாரம் மாமா முனியாண்டியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். இந்தக் காரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஆனால் அவர் தேடிப்போனதும் ஒரு பெட்டிக் காரைத்தான். பின்கண்ணாடி கொஞ்சம் பெரிதாக வைத்த பெட்டிக் கார் ஏதாவது விற்காமல் எங்காவது நிற்கும் என்று நம்பினார். அவர் திரும்பி வந்த மாலை நான் மாமியின் அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா முற்றத்துச் சாய்வு நாற்காலியில் விழுந்தார்.

"ஒரு கடை விடாமப் பாத்துட்டேன். அந்த மாதிரி இனிமே வராதாம்."

"ஏனாம்?" என்றார் மாமி.

"வாங்க ஆளு இல்லியாம். எல்லாரும் புதுசத்தான் கேக்குறாகளாம். அந்த அச்சையே கம்பெனிக்காரன் தூக்கிப் போட்டுட்டானாம்."

"புதுசு எப்பிடி இருக்கு?"

"அத ஏன் கேக்குற. தவள குந்துன மாதிரி தரையோட தரையா இருக்கு. உள்ள ஏறுனேன், தொப்பி தட்டிக் கீழ விழுந்துருச்சு. கடைக்காரப் பய எடுத்துக் குடுக்குறான். பூராங் கண்ணாடி. முன்னால கண்ணாடி, பின்னால கண்ணாடி, பக்கத்துல கண்ணாடி. அலுவாக்கடை அலமாரி கணக்கா இருக்கு. அதுக்குள்ள ஒன்னைய ஒக்கார வச்சுக் கடைத்தெரு வழியாக் கூட்டிட்டுப் போகவா?"

மாமி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அலுவான்னா ஈ மொய்க்கும். இந்த வயசுல என்னைய யாரு பாக்கப்போறா?"

"யாராச்சும் பாப்பாகல்ல."

"நீங்க யாரு என்னையப் பாப்பான்னே பேசுறீக. நான் யாரப் பாப்பேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் அவருடைய உண்மையான வருத்தம் வெளியே வந்தது. "வாங்குறவுக கேக்குறதத்தான் செய்வோம்னு சொல்றான். நானும் வாங்குனவன்தான? இத்தன வருசமா அந்த வண்டிய வச்சிருக்கேன். என்னைய ஒரு வார்த்த கேட்டானா?"

"என்னையும்தான் இத்தன வருசமா யாரும் கேக்கல" என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. உரித்த இறாலை அலசிக்கொண்டே சொன்னார். "இப்ப எவனோ ஒருத்தன், கேக்காமயே எனக்குப் பிடிச்சாப்ல செஞ்சிருக்கான்."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் பேசும்போது குரல் மாறியிருந்தது.

"அந்தப் புள்ள கண்ணுக்குள்ளயே நிக்கிது. பின்னாடி தெரியிற வண்டிதான் வேணும். வேற வழியில்ல."

புதுக்கார் வந்தது. இளம்பச்சை நிறம். தெருவே வந்து சுற்றி நின்று குறை சொன்னது. மிட்டாய் நிறத்தில் இருக்கிறது, மணலில் வயிறு தட்டும், மூக்கு மழுங்கிக் கிடக்கிறது என்று ஆளுக்கு ஒன்று. மணலில் வயிறு தட்டியது உண்மைதான். மாமி சுவருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். ஆண்கள் கலைந்த பிறகு வெளியே வந்து, வழவழப்பான அதன் முதுகைக் கையால் தடவிப் பார்த்தார். "கன்னுக்குட்டி மாதிரி இருக்குல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

பழைய காரை முதுகுளத்தூர் மிளகாய் வியாபாரி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். ஊருக்குப் போய்வந்த முனியாண்டி சேதி கொண்டுவந்தார். "மொளகா மூடைய உள்ளயே ஏத்துறாகம்மா. கதவத் தொறந்தா தும்மல் வருது." மாமாவுக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

புதுக்காருக்கும் திரை தைக்கச் சொன்னார் மாமா. தையல்காரர் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. பழைய காரின் சன்னல்கள் நேர்கோடு. இதில் எல்லாமே வளைவு. நேரான கம்பியை வளைந்த கண்ணாடிக்கு எப்படி மாட்டுவது? எப்படித் தைத்தாலும் மூலையில் ஒரு இடைவெளி நின்றது. தையல்காரர் மூன்றுமுறை பிரித்துத் தைத்தார். "மூலைய விட்டுருங்க, காத்து வரட்டும்" என்று மாமி சொல்லியனுப்பினார். பின்கண்ணாடிக்குத் திரை போட முனியாண்டி சம்மதிக்கவில்லை. "அதுக்கு மட்டும் வேணாம் மொதலாளி. நான் ஓட்டமாட்டேன்." மாமா வற்புறுத்தவில்லை.

அந்தக் காரில் நான் முதன்முதலாக ஏறியது ஒரு காலைப்பொழுதில். மகளை மடியில் வைத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போனேன். வெயில் உள்ளே வந்து சீட்டில் விழுந்திருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது, சேலையை இழுத்து இழுத்து மூடினேன். மாமியைக் கேட்க வேண்டுமா? முன்சீட்டுக்கு நடுவில் இருந்த திரையைப் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு பக்கமாக முடிந்து வைத்துவிட்டார். முன்கண்ணாடி வழியாகப் பாதை முழுவதும் எங்களை நோக்கி வந்தது. தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், அது வண்டியா ஆளா என்று மாமி பந்தயம் கட்டுவார். பக்கத்தில் வந்ததும் கைதட்டுவார். மகளும் சேர்ந்து தட்டினாள். உச்சிப்புளி கேட்டில் தனுஷ்கோடி ரயிலுக்காக நின்றபோது, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். சன்னலோரம் இருந்த ஒரு அம்மாள் கையை ஆட்டினாள். மாமியும் ஆட்டினார். மாமா பார்க்காத மாதிரி இருந்தார்.

கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மாமியின் பேச்சு நின்றுவிட்டது. அப்படி நிற்காது என்பதால் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியே பார்க்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மாமாவின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்தபடி வந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது.

"தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க."

முனியாண்டி பதறிப்போய் நிறுத்தினார். மாமி இறங்கி, முன்கதவைத் திறந்து, மாமாவின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினார்.

"என்ன இது? ரோட்டுல நிக்கிறோம் புள்ள."

"நின்னா நிக்கட்டும். கண்ணத் தொறங்க."

ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மாமி அசையவில்லை. வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார்.

"கண்ணுல பூ விழுந்திருக்கு" என்றார். "ரெண்டு கண்ணுலயும். எம்புட்டு நாளா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். வயசாகுதுல்ல. மங்கலாத்தான் தெரியும்னு விட்டுட்டேன். பழைய வண்டிக்குள்ள அவ்வளவாத் தெரியல. இதுல வெளிச்சம் ஊசியாக் குத்துது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணு போயிரும்னு சொல்லிட்டாகன்னா?" என்றார் மாமா. அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

மாமி முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தார்.  "ஒரே வீட்டுல இருக்கேன். ஊர்ல இருக்கிறதப் பூராம் பாத்தேன். இதப் பாக்கலியே." மாமி அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதையும் நீட்டவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, இந்தப் புள்ளய அவுக உம்மா வீட்டுல எறக்கி விட்டுட்டு, நேரா மதுரைக்கு விடுங்க" என்றார்.

மதுரையில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்புரைதான், அறுவை செய்தால் பார்வை திரும்பும் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது லேசான காரியமில்லை. இரண்டு கண்ணையும் கட்டிவிட்டுத் தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்க வேண்டும். மாமி கூடவே இருந்தார். சாமான் வாங்கிப்போக வந்த முனியாண்டியிடம் நாங்கள் எல்லாரும் கேட்டோம், மாமா எப்படி இருக்கிறார் என்று.

"மொதலாளி நல்லாருக்காக. அம்மாதான் ஒரு நிமிசம் வாய மூடல. சன்னலோரம் ஒக்காந்துக்கிட்டுத் தெருவுல போற மாடு என்ன நெறம், பூக்காரி என்ன சேலை கட்டியிருக்கா, எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்காக. மொதலாளி தூங்கிப் போயிட்டாக. அப்பயும் சொல்றாக."

முதல் கண் முடிந்து அடுத்த கண்ணையும் சரிசெய்து, புண் ஆறி, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்க்கிற நாள் வருவதற்குள் பல மாதங்கள் ஆகிவிட்டன. அதற்குள் தெருவில் மற்ற இரண்டு வீட்டிலும் பெட்டிக் கார் போய்விட்டது. மிட்டாய் நிறம் என்று கேலி செய்தவர் அதைவிட மிட்டாயாக ஒன்று வாங்கினார். பெண்களை ஏற்றாமல் யாரும் இல்லை. திரை போட்டார்கள். அது மூலையில் விலகியே இருந்தது. கொஞ்சநாளில் யாரும் அதைச் சரிசெய்யப் பாடுபடவில்லை.

மாமா மதுரையிலிருந்து கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்த அன்று நான் மாமி வீட்டில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடி மாதிரி தடியான கண்ணாடி. காரில் போட்டுக்கொண்டு வந்தால் தலை சுற்றும், வீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதனால் மாமா அதைச் சட்டைப் பையில் வைத்தபடியே வந்து முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமிதான் அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவர் காதில் மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு எதிரிலேயே நின்றார்.

மாமா கண்ணைத் திறந்தார்.  மாமியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். முகத்திலேயே பார்வை நின்றுவிட்டது.

"ஏ புள்ள" என்றார் மெதுவாக. "ஒனக்கு எப்ப இம்புட்டு நரச்சுச்சு?"

நான் தேத்தண்ணீர்த் தம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டேன். மாமி ஏதாவது வெடுக்கென்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ காதோரம் கையை வைத்துப் பார்த்தார். பஸ் நிறைய ஆள் பார்த்தபோது அசையாத அந்த மனுஷி, புதுப்பெண்போல முகம் சிவந்து, முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"மூடாத" என்றார் மாமா. "இன்னுங் கொஞ்சம் பாத்துக்கிறேன்."